அப்பா நன்மை வாங்காத ஞாயிறுகள்

மண்ணெண்ணெயும் மரத்தூளும் கலந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் தோன்றுகிறது. வாரம் முழுக்க ஆயில் எஞ்சின்களைப் பிரித்து மாட்டிய அப்பாவின் கைகளில் முழங்கை வரை ஏறியிருக்கும் கரியை வெறும் சோப்பால் போக்க முடியாது. விடியற்காலையில் கிணற்றடியில் குந்தியபடி, ஒரு கொட்டாங்கச்சியில் மரத்தூளை எடுத்து அதில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பிசைந்து, தோல் சிவக்கும்வரை தேய்ப்பார். பிறகு சோப்பு, பிறகு குளியல். மாதா கோயிலின் முதல் மணி அடிக்கும்போது அவர் வெள்ளை முழுக்கைச் சட்டையும் மடிப்புக் கலையாத கால்சட்டையுமாக வாசலில் நின்று, அம்மாவும் அக்காவும் நானும் வருவதற்காகக் காத்துக்கொண்டிருப்பார். அவ்வளவு தேய்த்தும் நகக்கண்களில் மட்டும் கொஞ்சம் கறுப்பு மிஞ்சியிருக்கும்.

எழுபதுகளில் காரைக்காலில் அவரைப் போன்றவர்களை 'சொல்தா' என்று சொல்வார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, கடல் தாண்டிப் போய்ச் சண்டை போட்டுவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்கு அந்தப் பெயர். பெரும்பாலான சொல்தாக்கள் சாயங்காலமானால் ஒருவர் வீட்டில் கூடிச் சீட்டு விளையாடுவார்கள், பாதி பிரெஞ்சும் பாதித் தமிழுமாகப் பழைய கதைகளைச் சத்தம்போட்டுப் பேசுவார்கள். அப்பா அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததே இல்லை. பெரிய கடைத்தெருவுக்கு அப்பால் ஓலைக்கொட்டகை ஒன்றைப் போட்டுக்கொண்டு எஞ்சின் பழுது பார்த்தார். வாய்க்காலில் தண்ணீர் வராத மாதங்களில் நெடுங்காட்டுப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் எஞ்சின்களை ஏற்றிக்கொண்டு வந்து, பயிர் காய்கிறது என்று கண்கலங்காத குறையாக நிற்பார்கள். அப்பா சாப்பாட்டைக்கூட மறந்து வேலை செய்வார். "பென்ஷன்தான் வருதே, எதுக்கு இப்படி மாரடிக்கிறீங்க?" என்று அம்மா கேட்டால், "கை சும்மா இருந்தா மண்டை எங்கெங்கயோ போவுது சலேத்து" என்று அம்மாவின் பெயரைச் சொல்லி முடிப்பார். மண்டை எங்கே போகும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்காதவை இன்னும் இருந்தன. பட்டாளத்தில் அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை என்று எங்களுக்குத் தெரியும். வியட்நாமில் சைகோன் பக்கத்துச் சாலைகளில் அவரைப் போல ஓட்ட ஆளில்லை என்று மற்ற சொல்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகு அவர் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை. டிராக்டரைச் சரிசெய்து முடித்தால், அதன் சொந்தக்காரருடைய ஆளைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லிவிட்டு, தான் பக்கத்தில் நடந்தபடி சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். கண் மங்கல் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதே அவர்தான் என்பது எங்கள் வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியது கோயிலில் அவர் இருந்த விதம். ஆண்கள் பக்கத்தில் முதல் பெஞ்சு அவருடையது. திருநாள் சமயத்தில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வார், தேருக்கு அச்சாணி செய்துகொடுப்பார், மழையில் ஒழுகும் ஓடுகளை மாற்றுவார். பூசையில் ஒரு வார்த்தை விடாமல் பாடுவார். ஆனால் பூசையின் நடுவே சாமியார் அப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் வந்து நிற்க, எல்லாரும் எழுந்துபோய் வரிசையாக நன்மை வாங்கும் நேரத்தில் அப்பா மட்டும் எழுந்திருக்கமாட்டார். பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வரும். முழங்காலில் நின்று, முன்பெஞ்சின் கட்டையில் நெற்றியை வைத்தபடி அவர் ஒருவர் மட்டும் இருப்பார். பெரிய பாவம் செய்து அதற்குப் பொறுத்தல் பெறாதவர்கள்தான் நன்மை வாங்கக்கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நகத்தில் இருக்கும் கறுப்புக்காகத்தான் அப்பா போவதில்லை என்று முதலில் நினைத்தேன். அப்புறம், வெறும் வயிற்றோடுதான் நன்மை வாங்கவேண்டும் என்பதால், பூசைக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் காப்பி குடித்துவிடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு முதல்முதலாக நன்மை கொடுத்த புதுநன்மை அன்று, வெள்ளை கவுனும் முக்காடுமாக வரிசையில் போகுமுன் அவருடைய பெஞ்சருகே நின்று, "நீங்க வரலியாப்பா?" என்று கேட்டேன். அவர் என் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, "நீ போம்மா" என்றார். அவருடைய முகத்தில் இருந்தது சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பூசை முடிந்ததும் அம்மா எங்களை வீட்டுக்கு அழைத்துப்போக, அப்பா ரொட்டிக்கடைக்குப் போவார். நீளமான ரொட்டி இரண்டு வாங்கி, ஒன்றை எங்களுக்கு வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த லூர்து அத்தை வீட்டில் கொடுப்பார். அத்தை எங்களுக்குச் சொந்தமில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக இருந்து, தையல் மிஷினை வைத்துப் பிழைத்தவர். சாமியாரின் பூசை உடுப்புகளிலிருந்து தெருப் பிள்ளைகளின் பாவாடை வரை அவர் கையால் தைத்தவைதான். அப்பா அவர் வீட்டுக்குள் போகமாட்டார். வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு முக்காலி போட்டிருக்கும், அதில் உட்கார்ந்து, மிஷினுக்கு எண்ணெய் விடவேண்டுமா, கதவு சாத்தமுடியவில்லையா, ஓடு நகர்ந்திருக்கிறதா என்று கேட்டு, செய்யவேண்டியதைச் செய்துகொடுத்துவிட்டு வருவார்.

அத்தைக்கு அந்தோணி என்று ஓர் அண்ணன் இருந்தார். அப்பாவும் அவரும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்து, ஒரே கப்பலில் போனவர்கள். அப்பா திரும்பினார், அவர் திரும்பவில்லை. பட்டாள உடுப்பில் அவர் சிரித்துக்கொண்டிருக்கும் படம் அத்தையின் வீட்டுச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். பாவாடைக்கு அளவெடுக்கப் போகும்போதெல்லாம் அத்தை அதைக் காட்டி, குண்டடிபட்ட அந்தோணி அண்ணனை எங்கள் அப்பாதான் மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் என்றும், அவர் மடியில்தான் உயிர் போயிற்று என்றும், அந்நிய மண்ணில் செத்தாலும் ஊர்க்காரன் மடி கிடைத்தது என்றும் சொல்வார். பட்டாளத்திலிருந்து முன்னதாகவே திரும்பிய யாரோ ஒருவர் அத்தையின் அம்மாவிடம் சொன்ன கதை அது. அந்த அம்மா இறந்தபிறகும் அத்தை அதை விடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

ஞானோபதேச வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண் ஒருநாள் என் காதில், "உங்கப்பாவுக்கு ரெண்டு வீடாமே, அதான் நன்மை வாங்கமாட்டாராம்" என்றாள். இரண்டு வீடு என்றால் என்னவென்று எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் எல்லாம் பொருந்திவிட்டது போலவும் இருந்தது, எதுவுமே பொருந்தாதது போலவும் இருந்தது. இரண்டு வீடு வைத்திருப்பவர் வாசல் முக்காலியில் ஏன் உட்காரவேண்டும்? காரைக்கால்மேட்டிலிருந்து கூடைக்காரம்மா கொண்டுவந்த மீனை அம்மா கிணற்றடியில் ஆய்ந்துகொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். அம்மாவின் கை நின்றது. யார் சொன்னது என்று கேட்கவில்லை. "கல்யாணம் ஆன புதுசுல நானும் கேட்டேன். அதை மட்டும் கேக்காத சலேத்துன்னாரு. நான் அப்புறம் கேக்கல. நீயும் கேக்காத" என்று சொல்லிவிட்டு மறுபடி மீனை எடுத்தார். அம்மாவுக்கே தெரியாது என்பது எனக்கு மேலும் பயமாக இருந்தது.

அக்கா விக்டோரியாவுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், அவர்கள் பங்குக் கோயிலில் பெரிய மனிதர். பெண் பார்த்து, பிடித்து, பேசிமுடிக்க வருகிற நேரத்தில் ஊர்ப் பேச்சு அவர்கள் காதுக்கும் போய்விட்டது. தரகர் மூலம் சுற்றி வளைத்துக் கேட்டனுப்பினார்கள். அக்கா அழுதுகொண்டே இருந்தாள். அப்பா கொட்டகையிலிருந்து நேரம்கழித்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். அம்மாதான் முடிவெடுத்தார்: "லூர்துவையும் வரச்சொல்லுங்க. வந்து நம்மளோட உக்காரட்டும். பாக்கறவங்க பாத்துக்கட்டும்."

அவர்கள் வந்த அந்தப் பிற்பகலில் லூர்து அத்தை வெளிர்நீலச் சேலையில், அக்காவுக்குத் தைத்த ரவிக்கையைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் காப்பித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் சாகுபடியைப் பற்றியும் பேச்சு ஓடியது. பிறகு பெரியப்பா, சொல்தாக்களை மரியாதையாகக் கூப்பிடும் பிரெஞ்சு வார்த்தையில் அப்பாவை 'முசே' என்று அழைத்து ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க முசே. எங்க வீட்டுல எல்லாரும் நன்மை வாங்கறவங்க. நீங்க இவ்வளவு பக்தியா இருந்தும் வாங்கறதில்லன்னு சொல்றாங்க. கல்யாணப் பூசையில பொண்ணோட அப்பா உக்காந்தே இருந்தா நாலு பேரு கேப்பாங்க. என்ன காரணம்னு நாங்க தெரிஞ்சுக்கலாங்களா?"

கேட்டுவிட்டு அவர் லூர்து அத்தையைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார், ஆனால் அத்தைக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவக்க, அப்பாவைக் காப்பாற்றும் வேகத்தில் அவரே பேசினார்: "அண்ணன் எங்க வீட்டுக்கு வர்றது எங்க அந்தோணி அண்ணனுக்காகங்க. அவன் உசுரு போறப்ப மடியில தூக்கி வச்சிருந்தது இவருதான். அந்தப் பாசம். வேற ஒண்ணும் இல்லங்க."

அதோடு விஷயம் முடிந்திருக்கும். பெரியப்பாவின் முகம் இளகிவிட்டிருந்தது. அப்பாதான், தரையைப் பார்த்தபடி, "இல்ல லூர்து" என்றார்.

அவர் அன்று சொன்னதை நான் முழுசாக எழுதிவிட முடியும் என்று தோன்றவில்லை. விட்டுவிட்டுச் சொன்னார். இரண்டு பக்கமும் வயல், நெடுங்காட்டுப் பக்கம் இருக்கிற மாதிரியே வயல், நடுவில் மேடான ஒற்றைச் சாலை. வரிசையாக லாரிகள். முன்னால் போன லாரியின் பின்பக்கத்தில் அந்தோணி உட்கார்ந்திருந்தார், கொஞ்சநேரம் முன்புவரை அப்பாவைப் பார்த்துக் கையசைத்துக் கேலி செய்துகொண்டு வந்தார். திடீரென்று குண்டு வெடித்தது. அந்த லாரி தடுமாறி ஓடிப்போக, அந்தோணி சாலையில் விழுந்தார். அப்பாவின் பக்கத்தில் இருந்த அதிகாரி நிறுத்தாதே என்று கத்தினார். நின்றால் பின்னால் வரும் அத்தனை வண்டியும் மாட்டிக்கொள்ளும்.

"ஒதுக்க எடம் இல்ல. நான் நிறுத்தல. அவன் மேலதான் போனேன். அப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சா, முன்னாடியே போயிடுச்சான்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

லூர்து அத்தை, ஏதோ கணக்கு சரியாக வராததுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "அப்ப மடியில வச்சிருந்தது யாரு?" என்று கேட்டார்.

"யாருமில்லம்மா" என்றார் அப்பா.

அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். ரவிக்கைப் பொட்டலத்தை அம்மாவின் மடியில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் நடந்து போய்விட்டார். பெரியப்பா எழுந்தபோது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே ஒரு நல்ல நாள் பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எழுந்துபோய் நன்மை வாங்கினார். சண்டையில் மேலதிகாரி சொல்லிச் செய்தது பாவமாகாது என்று எத்தனையோ சாமியார்கள் அவருக்குச் சொல்லியிருந்தார்களாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ முறை பொறுத்தல் கிடைத்திருந்ததாம். அதற்கு அப்பா அம்மாவிடம் சொன்ன விளக்கம் இதுதான்: "சாமியார்கிட்ட சொல்லிட்டேன். சொல்லவேண்டிய ஆளுகிட்ட சொல்லலியே. அதுவரைக்கும் வாயில வச்சா முழுங்க முடியாதுன்னு இருந்தேன்." எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வரிசையிலிருந்து திரும்பிய நான், பெண்கள் பக்கத்தின் கடைசிப் பெஞ்சில் லூர்து அத்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். எல்லாரும் போக, அவர் போகவில்லை. வாழ்நாளில் ஒரு பூசையும் நன்மையும் தவறவிடாதவர், கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். அடுத்த வாரமும் அப்படியே. அப்பா கொடுத்தனுப்பிய ரொட்டியை நான் கொண்டுபோனபோது, அதை வாங்காமல் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். அக்காவின் கல்யாணத்துக்கும் வரவில்லை. அவர் தைத்த ரவிக்கையைத்தான் அக்கா போட்டிருந்தாள்.

இது அப்பாவைத் தாக்கிவிட்டது. அக்காவின் கல்யாணப் பூசையில் நன்மை வாங்கியவர், அதற்கு அடுத்த வாரத்திலிருந்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். "நான் எறக்கி வச்சுட்டேன், அது அந்தப் பொண்ணு தலையில ஏறிடுச்சு" என்றார். ஆண்கள் பக்கத்தின் முதல் பெஞ்சில் ஒருவர், பெண்கள் பக்கத்தின் கடைசிப் பெஞ்சில் ஒருவர். யார் பாவம் செய்தவர், யார் செய்யாதவர் என்று எனக்கு ஒன்றும் புரியாமல் போயிற்று. பொய்யை அப்படியே வைத்திருந்தபோது எல்லாரும் நன்றாக இருந்தோம், உண்மையைச் சொன்னதும் எல்லாம் உடைந்துபோனது என்றால் எதற்காக உண்மையைச் சொல்லவேண்டும் என்று வகுப்பில் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

அம்மா ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார். கதவைத் தட்டி, அத்தை திறந்ததும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க வாங்குற வரைக்கும் இவரும் வாங்கமாட்டாராம், லூர்து. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"மனசுல இவ்வளவு கசப்ப வச்சுக்கிட்டு நான் எப்படி வாங்கறது? மன்னிக்கணும்னுதான் பாக்குறேன், வரலியே" என்றார் அத்தை. பிறகு, "அவரு மேல கோவமான்னும் தெரியல. அந்த மடி இல்லாமப் போச்சே, அதைத்தான் தாங்க முடியல" என்று சொல்லி அழுதார். அம்மாவும் கூட அழுதார்.

சில மாதங்கள் கழித்து, நடவு நேரத்தில், நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த ஒரு மத்தியானத்தில், லூர்து அத்தை கொட்டகைக்கு வந்தார். அப்பா எஞ்சினடியிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றார். அத்தை உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவன் முகத்தப் பாத்தீங்களா?"

"பாக்கல. கண்ண மூடிக்கிட்டேன்."

வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். "நானா இருந்தாலும் மூடிக்கிட்டுதான் இருப்பேன்" என்றார் அத்தை. பிறகு, மிஷினின் சக்கரம் உராய்கிறது, நேரம் கிடைக்கும்போது வந்து பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அப்பா போனபோது வேப்பமரத்தடியில் முக்காலி இல்லை. அத்தை அதை வீட்டுக்குள்ளே, அந்தோணியின் படத்துக்குக் கீழே போட்டிருந்தார். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பூசையில் இருவரும் எழுந்துபோனதைப் பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகும் அத்தை சில வாரம் எழுந்திருக்கமாட்டார், அப்பா சில வாரம் எழுந்திருக்கமாட்டார். இரண்டு பேருக்கும் அது முழுசாக ஆறவில்லை என்றுதான் நினைக்கிறேன். எதைப் பொறுத்து எழுந்தார்கள், எதைப் பொறுத்து உட்கார்ந்தார்கள் என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

எண்பதுகளின் நடுவில், கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார். மிச்சமிருந்த சொல்தாக்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்தார்கள், பிரெஞ்சு மூன்று நிறக் கொடியைக் கொண்டுவந்து பெட்டியின்மேல் போர்த்தினார்கள். கூடத்தில் ஒரு பெரியவர், வந்தவர்களிடம் அப்பாவைப் பற்றி, சவரிமுத்து சாதாரண ஆளில்லை, சண்டைக்கு நடுவில் குண்டடிபட்ட ஊர்க்காரனை ஓடிப்போய் மடியில் தூக்கி வைத்துக்கொண்டவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூர்து அத்தை தலையை நிமிர்த்தினார்.

"தப்பாச் சொல்லாதீங்க. அது எங்க அண்ணன். இவரு வண்டிய நிறுத்தல" என்றார். "ஆனா எங்கிட்ட சொன்னாரு. சொல்லாம விட்டிருக்கலாம், சொன்னாரு."

அதற்குமேல் யாரும் கதை பேசவில்லை. அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. நெடுங்காட்டில் மின்சார மோட்டார்கள் வந்து வெகுகாலமாயிற்று. சொல்தா என்றால் என்னவென்று என் மகனுக்கே நான் விளக்கவேண்டியிருக்கிறது. நீள ரொட்டிக் கடையை மூடிவிட்டார்கள். கோயிலில் பெஞ்சுகளை மாற்றி, ஆண் பக்கம் பெண் பக்கம் என்பதை எடுத்துவிட்டார்கள், நன்மை வாங்க இப்போது ஏறக்குறைய எல்லாருமே எழுந்துபோகிறார்கள், யார் எழுந்திருக்கவில்லை என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது நல்லதுக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

கல்லறைத் திருநாளன்று பாண்டிச்சேரியிலிருந்து அக்கா வருவாள். அப்பாவும் அம்மாவும் ஒரே குழியில் இருக்கிறார்கள், இரண்டு வரிசை தள்ளி லூர்து அத்தை. பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அந்தோணிக்காக இன்னொன்றையும் ஏற்றுவோம். அவருக்கு இங்கே குழி இல்லை. நான் பார்த்தேயிராத ஒரு தேசத்தில் அவர் எங்கே கிடக்கிறார் என்று சொல்ல இனி ஆளும் இல்லை. அப்பாவின் தலைமாட்டில் வைப்பதா, அத்தையின் தலைமாட்டில் வைப்பதா என்று ஒவ்வொரு வருஷமும் நாங்கள் அந்த மெழுகுவத்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் நிற்கிறோம்.